பக்கத்து சீட்டின் கையெழுத்து

மூன்றாவது செட் ஷாக் அப்சார்பரை மாட்டி முடித்த மச்சான், ஜீப்புக்கு அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்தார். ஜீப்புக்குச் சொந்தக்காரனான அவனுக்கோ இருப்புக் கொள்ளவில்லை.

"ஏறு, ஏறு!" என்று மனைவியை விரட்டிக்கொண்டே ஸ்டியரிங் பக்கம் ஓடினான்.

நாளை மறுநாள் பந்தயம். கல்லும் பள்ளமுமான மலைப்பாதையில் முப்பது கிலோமீட்டர். போன வருஷம் இவர்கள் வண்டிதான் முதலில் வந்து சேர்ந்தது. ஆனாலும் கோப்பை கிடைக்கவில்லை.

வழிநெடுகப் பாறைகளில் பெயின்ட்டால் எண்கள் எழுதியிருப்பார்கள். வண்டியை நிறுத்தக் கூடாது. பக்கத்து சீட்டில் இருப்பவர் அந்த எண்களை நோட்டில் குறித்துக்கொண்டே வர வேண்டும். அதுதான் விதி.

போன வருஷம் நடுவர் இவர்கள் நோட்டை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார். ஊஹூம். பக்கம் முழுக்கக் கோழி கிண்டியது போல் இருந்தது.

"அடியில நீளமா இருக்கே, இதுவும் நம்பரா?" என்று கடைசி வரியைக் காட்டிக் கேட்டார்.

"வண்டி குதிச்சதுல பேனா இழுத்துட்டுப் போயிருச்சு சார்" என்றான் அவன். மனைவி ஹெல்மெட் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

தப்பு அவன் மேல்தான். பந்தயத்தில் இறங்க ஆரம்பித்தபோதே ஆசை ஆசையாக ஜீப்பை நாலு அங்குலம் தூக்கியவன், ஷாக்கை மட்டும் பழையதாகவே விட்டுவிட்டான். உயர்ந்த வண்டிக்கு அதன் நீளம் போதவில்லை. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஷாக் முழுசாக இழுபட்டு 'டங்' என்று இடித்தது.

"ஆள் வளந்தாச்சு, பேன்ட் வளரலையே மாப்ள" என்று மச்சான் ஒரு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தார். மனைவியின் அண்ணன், அதிலும் மெக்கானிக். சொல்லாமல் விடுவாரா?

இந்த வருஷம் கோப்பையை அவன் விடுவதாக இல்லை. ஷாக்கைத் தேர்ந்தெடுக்க அவனே ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். மச்சானிடம் இருக்கும் மூன்று வகையையும் மாட்டிப் பார்ப்பது. பட்டறைக்குப் பின்னால் இருக்கும் மேடு பள்ளத்தில் ஒரு சுற்று ஓட்டுவது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவது. எந்தத் தாளில் எழுத்து தெளிவாக விழுகிறதோ, அந்த ஷாக்தான்.

"என்ன எழுதட்டும்?" என்று காலையில் அவள் கேட்டாள்.

"உனக்குத் தோணுறதை எழுது. ஆனா மூணு தாள்லயும் ஒரே வரியா இருக்கட்டும். அப்பதான் ஒப்பிட முடியும்."

அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். வாரத்தில் ஐந்து நாள் ஒரு வேன் நிறையப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தானே ஓட்டிப் போய்வருகிறவள். எட்டு வருஷத்தில் அந்த வேனில் ஒரு கீறல் கிடையாது. ஒரு வரி எழுதவா வராது?

முதல் ஷாக்கில் வண்டி தொட்டில் மாதிரி ஆடியது. தாளில் கோழி. இரண்டாவது மரக்கட்டை மாதிரி இறுக்கமாக இருந்தது, முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். தாளில் மறுபடியும் கோழி, கொஞ்சம் நிதானமான கோழி.

இதோ மூன்றாவது.

முன்சக்கரம் முதல் பள்ளத்தில் இறங்கியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு 'டங்'குக்காகக் காத்திருந்தான். வரவில்லை. சக்கரம் அடிவரை இறங்கி மண்ணைத் தொட்டு, அலட்டிக்கொள்ளாமல் மேலே ஏறியது. அடுத்த பள்ளம். அதற்கடுத்த கல். சத்தமே இல்லை.

"அடி சக்கை!" என்று கத்தினான். வேகத்தைக் கூட்டினான். பக்கத்தில் பேனா ஓடிக்கொண்டிருந்தது.

சுற்று முடிந்து நிறுத்தியதும் தாளை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு குதித்து இறங்கினான். படிக்கக்கூட இல்லை. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது, அது போதாதா?

"கோப்பை நமக்குத்தான் மச்சான்! பாருங்க, பாருங்க!"

மச்சான் தாளை வாங்கிப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"ஷாக் பிரமாதம் மாப்ள. என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா?"

அப்போதுதான் தாளைத் திருப்பி வாங்கிப் பார்த்தான்.

'ஒரு தடவை நான் ஓட்டட்டுமா?'

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வேன்காரிக்கு ஜீப் ஆசை! இருந்த குஷிக்கு அவள் பந்தயத்தையே கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பான்.

"அட, இதை வாயால கேட்டிருக்கலாம்ல?" என்று சாவியை நீட்டினான்.

"எழுதிக் கேட்டுக்கிட்டுதாங்க இருக்கேன்" என்றாள். சாவியை வாங்கிக்கொண்டு ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

அவன் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து சீட்டில் ஏறினான். மூன்று வருஷமாக அவள் உட்கார்ந்த சீட். கால் வைக்க வாட்டமில்லை, பிடித்துக்கொள்ள ஒரே ஒரு கம்பி. ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுவந்திருந்த பந்தய நோட்டு டேஷ்போர்டில் கிடந்தது. சும்மா கிடப்பானேன், நாமும் எழுதிப் பார்ப்போம் என்று வெற்றுப் பக்கத்தைத் தேடிப் புரட்டினான்.

போன வருஷத்துப் பக்கம். எண்களுக்கு அடியில், பேனா இழுத்துக்கொண்டு போன அந்த நீள வரி. ஆரம்பத்தில் ஒரு சுழி. கடைசியில் ஒரு கொக்கி, அதற்குக் கீழே ஒரு புள்ளி.

மடியில் இருந்த மூன்றாவது தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அதே சுழி. அதே கொக்கி.

முந்தின வருஷத்துப் பக்கத்தைத் திருப்பினான். அங்கேயும் அடியில் அதே வரி. அதற்கு முந்தின வருஷத்திலும்.

பேனா தானாக இழுத்துக்கொண்டு போகவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் இன்ஜின் உறுமியது.

"கெட்டியாப் பிடிச்சுக்கோங்க" என்றாள் அவள்.