நூற்றுப் பன்னிரண்டு வார்த்தைகள்

“இன்னமும் அறுநூத்திப் பன்னெண்டு,” என்றாள் டயானா. “ஐந்நூறுக்குள்ள இருந்தா நல்லதுன்னு போட்டிருக்கான். நூத்திப் பன்னெண்டு வார்த்தை கொறைக்கணும், வெண்ணிலா.”

“கட்டாயமாக்கா?”

“கட்டாயம் இல்ல. ஆனா சொன்ன அளவுல நிக்கத் தெரியுதான்னும் பாப்பாங்க இல்ல?”

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டயானாவின் பிரவுசிங் சென்டரில் மணி நாலேகால். அஞ்சு மணிக்கு விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். சென்னையில் பெரிய பல்கலைக்கழகம், ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டலும் இலவசம். இதை விட்டால் அடுத்த வருஷம்தான்.

வெண்ணிலா உதட்டைக் கடித்தாள். அடிஷனல் ஷீட் வாங்கி வாங்கி எழுதியே மார்க் எடுத்த பெண். காலையில் அவள் கொண்டுவந்த கட்டுரை ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. குறைத்து எழுதச் சொன்னால் கை எங்கே வரும்?

அவளைவிடப் பயந்து போயிருந்தவர், பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் அப்பா சீனுவாசன். வார்த்தைக் கணக்கெல்லாம் அவருக்குக் கவலையில்லை. கட்டுரைக்கான கேள்வியை டயானா தமிழில் சொல்லியிருந்தாள். உன் படிப்புக்கு வந்த தடைகள் என்ன? எப்படித் தாண்டினாய்?

அதைக் கேட்டதிலிருந்து அவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

“தடைன்னா... என்னாம்மா எழுதியிருக்க?”

“எல்லாந்தாம்பா,” என்றாள் திரும்பாமலே.

எல்லாமுமா?

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், பத்தாவது முடித்த கையோடு அவளைத் தன் தங்கச்சி மகனுக்குக் கொடுப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அவளோ மயிலத்தில் பிளஸ் ஒன் சேரத் துடித்தாள். டி.சி.யும் மார்க் ஷீட்டும் இல்லாமல் எப்படிச் சேருவாள்? இரண்டையும் ஒரு கவரில் போட்டார். விதைக் கடலையாக வைத்திருந்த ஏழு மல்லாட்டை மூட்டைகளில் ஒன்றுக்குள் திணித்து, வாயைத் தைத்துவிட்டார். ‘எங்க தொலைச்ச?’ என்று அவளையே திட்டவும் செய்தார்.

இருபத்து மூணு நாள். பெண் சரியாகச் சாப்பிடவில்லை, வாய்விட்டு அழவுமில்லை. அதற்கு மேல் அவரால் முடியவில்லை. தேடுகிற மாதிரி ஏழு மூட்டையையும் பிரித்துக் கொட்டி, ‘கெடச்சிடுச்சு’ என்று எடுத்துக் கொடுத்தார். மார்க் ஷீட்டின் ஒரு மூலையை எலி தின்றிருந்தது. கல்யாணப் பேச்சையும் அன்றோடு விட்டுவிட்டார்.

இது தனக்கு மட்டுமே தெரியும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

டயானா ஸ்கேன் செய்த மார்க் ஷீட்டைத் திரையில் திறந்தாள். “இந்த மூலைக்கு என்ன ஆச்சு? அங்க கேட்டா சொல்லணுமே.”

“எலி கடிச்சிடுச்சுக்கா. கட்டுரையிலயே எழுதியிருக்கேன்.”

சீனுவாசன் நாற்காலியை விட்டு எழுந்தார். எழுதியேவிட்டாளா? பதினஞ்சு வயசுப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசியதைப் படித்தவர்கள் எல்லாம் படிக்கப்போகிறார்கள். போலீசுக்குச் சொன்னால்? இதே காரியத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தரை ஜீப்பில் ஏற்றிப் போனதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

“எலி கதையெல்லாம் எதுக்கும்மா? அத எடுத்துடு ஜல்தியா,” என்றார்.

“இருங்கண்ணா,” என்றாள் டயானா. “ரெண்டு பாராவுல ஒண்ணு போனா கணக்கு சரியாயிடும். ஒண்ணு, பஸ்ஸு வராத நாள்ல மயிலத்துக்கு நடந்தே போனது. இன்னொண்ணு இதான். படிக்கிறேன், நீங்களே சொல்லுங்க.”

‘வேணாம்’ என்று சொல்ல வாய் எடுத்தார். அதற்குள் டயானா தமிழில் சுருக்கிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

“‘பத்தாம் வகுப்பு முடிந்ததும் என் சான்றிதழ்கள் காணாமல் போயின. என் படிப்பு அதோடு முடிந்தது என்று பயந்தேன். என் அப்பா விதைக்கு வைத்திருந்த ஏழு மூட்டைகளையும் பிரித்துக் கொட்டி, அவற்றை எடுத்துக் கொடுத்தார். எலி ஒரு மூலையைத் தின்றிருந்தது. மிச்சத்தை என் அப்பா காப்பாற்றினார்.’”

டயானா திரும்பிச் சிரித்தாள். “இந்த மாதிரி அப்பா யாருக்குண்ணா கெடைப்பாங்க?”

அவருக்குப் பயம் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. திட்டி எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

மணி நாலு அம்பது.

“பஸ்ஸு பாராவ எடுத்துடவாப்பா?”

“வேணாம். என்னுத எடு.” திரையைக் கைகாட்டினார். “அது பொய்யி, வெண்ணிலா.”

“என்னாப்பா பொய்யி?”

வெளியாள் இருக்கிறாளே என்றுகூட அவர் பார்க்கவில்லை. “அது காணாமப் போவல. நான்தான் மூட்டையில போட்டுத் தச்சிட்டேன்.”

டயானாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

வெண்ணிலா மட்டும் நிதானமாக மவுஸை வாங்கி, பஸ் பாராவை அழித்தாள். திரையின் கீழே எண் இறங்கி, நானூற்றுத் தொண்ணூற்றெட்டில் நின்றது. அப்புறம்தான் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

“தெரியும்பா. கண்ணு செரியா தெரியலன்னு அன்னிக்கு கோணி ஊசியில சணல் கோத்துக் குடுக்கச் சொன்ன இல்ல? மூட்டைக்குள்ள கவர் தெரிஞ்சுது. நீயே பிரிச்சுக் குடுப்பேன்னு இருபத்தி மூணு நாளும் காத்துக்கினு இருந்தேன். பிரிச்சுக் குடுத்த இல்ல? அதத்தான் எழுதினேன்.”