கோட்டில் விழுந்த பந்து

1954. செங்கல்பட்டு கிளப்பில் பெண்கள் டென்னிஸ் இறுதி ஆட்டம். ஏரிக்காற்றில் வலை லேசாக ஆடுகிறது. டாக்டர் தனகோடி அடித்த பந்து கோட்டின்மேல் விழுந்து சுண்ணாம்புத் தூளைக் கிளப்புகிறது. உயர்ந்த நாற்காலியில் நடுவராக உட்கார்ந்திருக்கும் அவள் கணவர், வக்கீல் அருணகிரி, கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு “அவுட்” என்கிறார். அதோடு ஆட்டம் முடிகிறது. ஜெயித்த பதருன்னிசாவே வலையருகே வந்து, “இன்னா சார், கோட்டு மேலதான வுழுந்துது?” என்கிறாள். “அவுட்டுன்னா அவுட்டுதாம்மா.” டீ மேசைப் பக்கமிருந்து ஒரு குரல்: “பொண்டாட்டின்னுகூட பாக்கல பாரு, மனுசன்!” எல்லாரும் கைதட்டுகிறார்கள். அருணகிரி சிரித்துக்கொண்டே இறங்குகிறார். தனகோடி பந்தை எடுத்து வருகிறாள். அதில் ஒட்டிய சுண்ணாம்பைத் துடைக்காமல், அவருடைய கறுப்புக் கோட்டின் பையில் செருகுகிறாள். “பத்திரமா வூட்டுக்கு எடுத்துகினு வாங்க.” கைதட்டல் இன்னும் ஓயவில்லை.