மாப்பிள்ளை நிறை

"ஒண்டரை வருசம் கட்டிக்கிடந்த கிழட்டுக் குதிரை! முதல் வெறுமனே நடக்க விடுங்கோ!" என்று சுபைதா கத்துகிறாள்.

"வெள்ளிக்கிழமை என்ர குதிரையிலதான் மாப்பிள்ளை ஊர்வலம் வருவாரெண்டு முல்லைத்தீவு முழுக்கச் சொல்லிப்போட்டன்!" அவளுடைய புருஷன் மீராசாவின் குரல் அதைவிடப் பெரிது. பக்கத்து வளவில் நிற்கும் நான் எட்டிப் பார்க்கவில்லை. வேலிதான் இடைவெளி விட்டிருக்கிறது. மாப்பிள்ளை நல்ல பருமன். அந்த நிறைக்குப் பழகட்டுமென்று மீராசா குதிரையின் முதுகில் இரண்டு நெல்மூட்டைகளை ஏற்றியிருக்கிறார். மணலில் குளம்பு புதைகிறது. விலா எலும்புகளில் காலை வெயில் வரிவரியாக விழுகிறது.

"வாப்பா, அவர் பஸ்ஸில வரட்டும்," என்கிறாள் கல்யாணப்பெண் ஜொஹறா.

குதிரை முன்னங்கால்களை மடித்து மெல்லச் சரிகிறது. மூட்டை வெடித்து, நெல் அதன் வாயருகே சொரிகிறது. அது தின்னவில்லை.

மாப்பிள்ளை பஸ்ஸில்தான் வந்தார். ஜொஹறாவும் பஸ்ஸில்தான் மன்னாருக்குப் போனாள். வழியனுப்ப மீராசா வரவில்லை.