மகளின் போன்

"அங்கிள், எங்க எல்லார் வீட்டுக்கும் போன் போட்டது நீங்கதானா?"

வாசலில் மூன்று பேர். லிப்ட் மெக்கானிக்கின் மகளோடு பதினோராம் வகுப்பில் படிக்கிறவர்கள். கேட்டவன், நெட்டையன் என்று அவர்கள் கூப்பிடும் பையன். கோபத்தில் காது மடல் வரை சிவந்திருந்தது.

அவர் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்தபடியே, "ஆமா, நான்தான்" என்றார்.

"எங்க அப்பா கார் சாவியை பீரோவுல வெச்சுப் பூட்டிட்டார். இனிமே ஸ்கூல் விட்டா நேரா வீடுதானாம்."

"நல்லதாப் போச்சு. லைசென்ஸ் இல்லாம காரை எடுத்துட்டு, பாழடைஞ்ச கல்குவாரித் தண்ணியில போய்க் குதிக்கிறதா இருந்தீங்க. அதோட ஆழம் என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூன்று பார்வையும் அவருக்குப் பின்னால் நின்ற மகள் மேல் போய் நின்றது.

"இது நாங்க நாலு பேர் மட்டும் பேசினது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள் கண்ணாடி போட்டவள்.

மகள் ஓரடி பின்வாங்கினாள்.

"எப்படியா? இவ குளிக்கப் போன நேரம் பார்த்து போனை எடுத்துப் படிச்சேன். நீங்க எழுதினது ஒண்ணு விடாம. என் வீட்டுல இருக்கிற போன், நான் பார்ப்பேன். அதைக் கேட்க நீங்க யாரு?"

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

நெட்டையனின் கோபம் சட்டென்று இறங்கிவிட்டது. மாடிப்படி இறங்கும்போது அவன் குரல் நன்றாகவே கேட்டது.

"சே, இவதான் போட்டுக் கொடுத்துட்டான்னு நினைச்சோமே! பாவம், எப்படிப்பட்ட அப்பாகிட்ட மாட்டியிருக்கா!"

"நாளைக்கு முதல் வேலையா அவகிட்ட சாரி சொல்லணும்டா."

கதவு சாத்தும் வரைதான் உள்ளே இருந்த அவருடைய அக்கா பொறுத்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்க்க நேற்றுதான் வந்திருந்தார். பள்ளிக்கூட டீச்சர்.

"ஏண்டா, உனக்கு வெட்கமா இல்ல? வளர்ந்த பொண்ணோட போனைத் திருட்டுத்தனமாப் படிச்சதும் இல்லாம, அதை அவ பிரெண்ட்ஸ் முன்னாடி பீத்திக்க வேற செய்யற!"

"பசங்க உயிர் முக்கியம் இல்லையாக்கா?"

"தடுத்தது சரிடா. அதையா நான் சொல்றேன்? நம்ம அப்பா தினமும் என் பையைக் குடைவாரே, ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம் அவர்கிட்ட நான் ஒரு விஷயம் வாயைத் திறந்து சொன்னது கிடையாது. கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்த பிறகும்கூட."

அவர் கை துடைத்த துணியை மடித்தார்.

"நீயும் அப்படியே அவரை உரிச்சு வெச்சிருக்க. உன் பொண்டாட்டி டூட்டி முடிஞ்சு வரட்டும், அவகிட்டயே கேட்கிறேன். ஒண்ணு எழுதி வெச்சுக்கோ. இனி இந்தப் பொண்ணு மனசு விட்டு உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டா."

"சரிக்கா, தப்புதான். விடு."

"என்னடா விடு? போய் அவகிட்ட மன்னிப்புக் கேளு!"

அறைக் கதவு திறந்தது. மகள் நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"போதும் அத்தை. அப்பாவைத் திட்டாதீங்க."

"நீ உள்ள போ கண்ணு," என்று அவசரமாகக் குறுக்கே வந்தார் அவர். "அத்தை சும்மா பேசிட்டிருக்கா."

அவள் போகவில்லை. நேராக வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா என் போனைத் தொட்டதுகூட இல்ல, அத்தை. 'எனக்குப் பயமா இருக்குப்பா'ன்னு காலையில அவர்கிட்ட எல்லாத்தையும் சொன்னதே நான்தான்."