புராதன வீடு

இங்கிலாந்தின் வடக்கே ஒரு குக்கிராமத்தில் இருபது வருடம் பிரபுக்களின் மாளிகைகளைப் பார்த்தே வயிறெரிந்த தில்லையம்பலம், நெடுந்தீவுக்குத் திரும்பியதும் தன் கல்வீட்டைப் புராதனச் சின்னமாக்கும்படி தொல்லியல் திணைக்களத்துக்குப் படத்தோடு எழுதினார். அதிகாரி அறிவிப்புப் பலகையோடு வருவதாகப் பதில் வந்தது.

"அதிகாரியின்ரை வாகனம் இந்தப் படலையாலை வர ஏலாது. மதிலை இடிச்சு, கல்லைப் பாதைக்குப் பரவும்," என்றார் மேசன் சுதனிடம்.

"ஒல்லாந்தர் காலத்துப் பவளக்கல்லு, அண்ணை."

"பழசெண்டுதானே இடிக்கச் சொல்லுறன்."

மறுநாள் அதிகாரி சைக்கிளில் வந்து இறங்கினார். வீட்டை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"படத்திலை வீட்டுக்கு முன்னாலை நிண்ட மதில் எங்கை, ஐயா? பலகை அதுக்குத்தான்."

தில்லையம்பலத்தின் மனைவி மீனலோசனி தேத்தண்ணியோடு வந்து சொன்னார்:

"நீங்கள் அதுக்கு மேலைதான் நிக்கிறியள், தம்பி."