ஒச்சாயி ஏற்றிய விளக்கு

"பெத்த தாய அடுப்படியில உக்கார வச்சு வெங்காயம் உரிக்க விட்டுட்டு, நீ கையக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்குற. நீயெல்லாம் ஒரு மகளா?"

ஒத்தக்கடையில் தங்கை ரோகிணியின் வீட்டுக்குள் நின்று விருமாண்டி கேட்டது இது. எழுத்து மாறாமல் இன்னொரு முறையும் கேட்டார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

அம்மா ஒச்சாயி நிமிராமல் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கவாதத்தில் விழுந்த வலது கை. தோலோடு பாதி வெங்காயமும் போய்க்கொண்டிருந்தது.

"வேலை இல்லண்ணே, வைத்தியம். இங்க முதியோர் ஆராய்ச்சி மையத்துல சொன்னது. அவங்க காரியத்த அவங்களே செஞ்சாத்தான் கை திரும்புமாம். கூட இருக்கணும், ஆனா கை கொடுக்கக் கூடாதாம். அதான் உக்காந்திருக்கேன்."

நேற்று அம்மா தானாகவே கொண்டை முடிந்துகொண்டதையும் சொன்னாள்.

விருமாண்டிக்கு எதுவும் காதில் ஏறவில்லை. மகன் கே.கே. நகரில் மாடிவீடு கட்டியிருக்க, தாய் மகள் வீட்டில் வெங்காயம் உரிக்கிறாள் என்று சொந்த ஊர் செக்கானூரணி வரைக்கும் பேச்சாம். ஊர் என்ன சொல்லும் என்பதுதான் அவருடைய வியாதி.

"எந்தக் கிறுக்கன் சொன்னான்?" என்றபடி அம்மாவை அப்படியே தூக்கிக் காரில் வைத்தார்.

"நாளைக்குப் பூண்டு உரிக்கச் சொல்லியிருந்தாகளே," என்றாள் ஒச்சாயி. கார் கிளம்பிவிட்டது.

பெத்தவளை ராணி மாதிரி வைத்திருக்கிறான் என்று சொந்தபந்தம் மெச்சியது. ஊட்டிவிட ஒருத்தி, தலைவாரிவிட ஒருத்தி. ஒச்சாயி தம்ளருக்குக் கை நீட்டினால், "நீங்க இருங்கம்மா" என்று தம்ளரே வாய்க்கு வந்துவிடும். நீட்டுவதும் மெல்லக் குறைந்தது. கை மடியிலேயே கிடந்தது.

இதற்கிடையில் மையத்துக்கு வந்துகொண்டிருந்த நிதி நின்றுபோனது. மூடும் நிலைமை. அதை நடத்தும் டாக்டர் கண்ணுச்சாமி நன்கொடை கேட்டுப் படியேறாத கடையில்லை. ரோகிணிதான் அவரை அண்ணனிடம் அனுப்பினாள். பணம் கொடுப்பவர் என்ன ஏது என்று விசாரிப்பார், அதிலாவது அம்மாவின் வைத்தியம் புரியும் என்று ஒரு கணக்கு.

மையத்துக்குக் கட்டித் தரும் புதுக் கட்டடத்துக்கு அம்மா பெயர், பத்திரிகையில் படம் என்றதும் விருமாண்டி வேறெதுவும் விசாரிக்காமல் பணத்தைக் கொடுத்தார்.

திறப்பு விழா மேடையில் யாரோ எழுதிக்கொடுத்ததை விருமாண்டி கணீரென்று படித்தார். "வயதானவர்களைப் பொம்மையாக்கிவிடக் கூடாது. அவர்கள் காரியத்தை அவர்களே செய்ய விடுவதுதான் உண்மையான மரியாதை."

கைதட்டல் அடங்க நேரமானது. ரோகிணியும் தட்டினாள்.

குத்துவிளக்கு ஏற்ற ஒச்சாயியைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்தார்கள். கண்ணுச்சாமி மெழுகுவர்த்தியை அவளுடைய வலது கையில் வைத்துவிட்டு விலகி நின்றார். கை ஆடியது. ஆனாலும் பிடித்தது. திரியை நோக்கி மெல்ல நகர்ந்தது.

"சார், சீக்கிரம்," என்றார் போட்டோக்காரர்.

விருமாண்டி குனிந்து, அம்மாவின் கையை மெழுகுவர்த்தியோடு சேர்த்துத் தன் கைக்குள் மூடிக்கொண்டார். கேமராவைப் பார்த்துச் சிரித்தார். ஒவ்வொரு திரியாகப் பற்றியது. நாதஸ்வரம் ஆரம்பித்தது. ஒரே ஒரு திரி பாக்கி.

ஒச்சாயி அண்ணாந்து மகனைப் பார்த்தாள்.

"கைய விடுய்யா. இந்த ஒண்ணையாச்சும் நானா ஏத்திக்கிறேன்."

விருமாண்டியின் பிடி விலகாமலே அதுவும் எரிந்தது.