ஓநாய்ப் பெயர்

மூன்று குழந்தைகளைப் புதைத்த மிலித்சா, நான்காவதற்கு வூக் என்று பெயர் வைத்தாள். அவர்கள் மொழியில் வூக் என்றால் ஓநாய். பிள்ளை தின்னும் சூனியக்காரி ஓநாயைத் தொடமாட்டாள். ஊரில் வூக்கோவிச் என்ற குடும்பப்பெயர் கொண்ட எல்லோரும் அப்படிப் பிழைத்த ஏதோவொரு வூக்கின் வாரிசுகள்தான்.

“கொஞ்சிடாதடி. தங்கம்னு ஒருதரம் வாய் தவறினாலும், இது ஓநாயில்ல, புள்ளன்னு அந்தச் சூனியக்காரிக்குத் தெரிஞ்சுடும்” என்று மருத்துவச்சி எச்சரித்திருந்தாள்.

எட்டாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தது. அழுகை ஓயவில்லை.

“ஏதாச்சும் பேசேன். புள்ள உன் குரலத்தான் தேடுது” என்று கணவன் ரதோவான் கெஞ்சினான்.

செல்லப்பெயர்களெல்லாம் நாக்கில் வந்து முட்டின. மிலித்சா உதட்டைக் கடித்துக்கொண்டு தொட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு குனிந்து, குழந்தையின் காதருகே, அடித்தொண்டையிலிருந்து மெல்ல உறுமினாள்.

அழுகை நின்றது. தொட்டிலுக்குள்ளிருந்து ஒரு சின்ன உறுமல் பதிலுக்கு வந்தது.

ரதோவான் எழுந்துபோய், ஊரார் காதில் விழாதபடி கதவைத் தாழிட்டான்.